மாதம் முந்நூறு ரூபாய் மிச்சம் பிடித்த கதை

2022 ஜூனில் எங்கள் குடியிருப்பின் பொதுக்குழுக் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். பொருளாளர் பதவிக்கு யாருமே கை தூக்கவில்லை. "நீங்க கணக்கு டீச்சர்தானே மேடம், உங்களுக்கு இது ஒரு வேலையா?" என்றார் செயலாளர். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, பொழுதும் போகவில்லை, சரி என்றேன். மாதாமாதம் வசூல், வாட்ச்மேன் சம்பளம், கரண்ட் பில், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த இரண்டு வருடத்தில் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். அப்போது யாராவது என்னைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பணமும் நிறையத் தூக்கமும் மிஞ்சியிருக்கும்.

எங்களுடையது மடிப்பாக்கத்தில் 2001இல் கட்டிய கட்டடம். தரைத்தளம் முழுக்க வண்டி நிறுத்தம், மேலே நான்கு மாடி, மாடிக்கு ஆறு வீடு, ஆக 24 வீடு. இழுத்துச் சாத்தும் கம்பிக் கதவு வைத்த ஒரே ஒரு லிஃப்ட். பராமரிப்புக் கட்டணம் வீட்டுக்கு 1,800 ரூபாய். பக்கத்துக் கட்டடங்களில் எல்லாம் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது என்று நாங்கள் பெருமை பேசிக்கொள்வோம். மாதம் 43,200 வரும், நாற்பதாயிரத்துக்குக் குறையாமல் போய்விடும். 2022 செப்டம்பரில் பொதுப் பகுதி மின்சாரத்துக்குத் தனிக் கட்டணம் போட்டு யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆக்கினார்கள். 2023 கடைசியில் சின்னக் குடியிருப்புகளுக்கு அதைக் குறைத்தார்கள். ஆனால் லிஃப்ட் இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. அதனால் மிஞ்சிய இரண்டாயிரம் மூவாயிரமும் காணாமல் போனது.

கார்பஸ் என்று ஒன்று இருந்தது, பெரிய செலவுக்கென்று ஒதுக்கி வைத்த பொதுப் பணம். வீடு விற்றபோது பில்டர் வீட்டுக்கு 15,000 வாங்கி, 3.6 லட்சமாக ஒப்படைத்தது. அது வட்டியோடு வளர்ந்துகொண்டிருந்ததாம். 2019 கோடையில் சென்னையே லாரித் தண்ணீருக்குப் பின்னால் ஓடியதே, அப்போது போர்வெல்லை ஆழப்படுத்தவும் லாரிக்குக் கொடுக்கவும் என்று பெரும் பகுதியை அந்த ஒரு கோடை குடித்துவிட்டது. என் கைக்கு வந்தது ஒரு பச்சை ரெக்ஸின் பை. உள்ளே 2,84,000 ரூபாய்க்கு ஒரு எஃப்டி ரசீது, சேமிப்புக் கணக்குப் பாஸ்புக், நான்கு தீர்மான நோட்டுகள். ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்று அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும். நான் தொகையை மட்டும் பார்த்தேன்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. வண்டி நிறுத்தத்தில் இடுப்பளவு தண்ணீர். எங்கள் லிஃப்ட் ஆள் இல்லாவிட்டால் தானாகக் கீழே வந்து நிற்கும் வகை. நல்ல வசதி என்று நினைத்திருந்தோம். கரண்ட் போனபோது அது கீழேதான் நின்றது, இரண்டு நாள் தண்ணீரிலேயே கிடந்தது. இரண்டு தண்ணீர் மோட்டாரும் மெயின் போர்டும்கூட முழுகிவிட்டன. இதைப் படிப்பவர்கள் வேறெதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்: கனமழை எச்சரிக்கை வந்தால், கரண்ட் இருக்கும்போதே லிஃப்டை இரண்டாவது மாடிக்கு மேலே ஏற்றி நிறுத்தி, மெஷின் ரூமில் மெயினை அணைத்துவிடுங்கள். ஒரு காசு செலவில்லாத வேலை. எங்களுக்கு இது தெரிய பதினோரு லட்சம் ஆனது.

லிஃப்ட் கம்பெனி ஆட்கள் டிசம்பர் கடைசியில்தான் வந்தார்கள். அந்த மாதம் அவர்களுக்கும் ஊர் முழுக்க இதே வேலை. கேபிள் போய்விட்டது, கதவு லாக் எல்லாம் துரு, மேலே கன்ட்ரோலர் நன்றாக இருந்தாலும் அந்த மாடலுக்குப் பாகம் வருவது நின்று வருடங்கள் ஆகிவிட்டது என்றார்கள். அடியோடு புது லிஃப்ட் போட்டால் 13.5 லட்சம். கூண்டையும் தண்டவாளத்தையும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மாற்றினால் 9,05,000. இரண்டுக்கும் மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். விலைப்புள்ளி 30 நாள்தான் செல்லும், பாதிப் பணம் முன்பணம் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. எஃப்டியை உடைத்து, மீதிக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

எஃப்டி ரசீதோடு வங்கிக்குப் போனபோதுதான் அது சங்கத்தின் பெயரில் இல்லை என்று தெரிந்தது. சங்கத்துக்கு அந்தக் காலத்தில் பான் கார்டு எடுக்கவில்லை. அதனால் அப்போதைய செயலாளர், பொருளாளர் இரண்டு பேரின் சொந்தப் பெயரில் கூட்டாகப் போட்டு, அதைப் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஒருவர் கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். இன்னொருவர் கொரோனா சமயத்தில் காலமாகிவிட்டார். இருவரில் யாரும் எடுக்கலாம் என்ற குறிப்பும் இல்லை, நாமினியும் இல்லை. அவர் மனைவி நல்ல மனுஷி. "அது எங்க பணம் இல்லம்மா, எங்கே கையெழுத்துப் போடணும் சொல்லுங்க" என்றார். ஆனால் வங்கிக்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டும், பெங்களூரில் இருக்கும் மகள் கையெழுத்தும் வேண்டும். அந்த அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நான் மூன்று முறை வங்கிக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் அவர் கணவரின் இறப்புச் சான்றிதழை மேஜை மேல் எடுத்து வைக்கும்போது எனக்குத் தலை நிமிரவில்லை.

சரி, இனிமேல் ஒழுங்காகச் சங்கத்தின் பெயரிலேயே கணக்கு வைப்போம் என்றால், அதற்குப் புதிய நிர்வாகிகள் பட்டியல் பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் பதிவான சங்கம் எங்களுடையது. வருடாவருடம் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் தாக்கல் செய்ய வேண்டும். ஏழு வருடமாக யாரும் செய்யவில்லை. இதெல்லாம் முடிந்து முன்பணம் கொடுக்க மார்ச் பிறந்துவிட்டது. விலைப்புள்ளி காலாவதியாகி, புது விலை 9,60,000. வரியோடு பார்த்தால், தாமதத்துக்கு மட்டும் நாங்கள் கொடுத்த அபராதம் 64,900 ரூபாய். உங்கள் சங்கத்தில் ஏதாவது பொறுப்பில் இருந்தால், ரசீதில் உள்ள பெயரை இன்றைக்கே பாருங்கள். உயிரோடு இருக்கிறவர் பெயரிலேயே இருந்தாலும் மாற்றுங்கள்.

மொத்தச் செலவு லிஃப்டுக்கு வரியோடு 11.33 லட்சம், மோட்டாரும் போர்டும் 1.38 லட்சம், கதவு அகலப்படுத்திய கொத்து வேலை 90,000. கையில் இருந்ததில் மூன்று லட்சத்தைக் கழித்து, வீட்டுக்கு 45,000 என்று தீர்மானம் போட்டோம். பதினைந்து வீடுகள் ஒரு மாதத்தில் கொடுத்துவிட்டன. நான்கு வீடுகள் தவணை கேட்டன. மூன்று வீட்டின் சொந்தக்காரர்கள் வெளிநாட்டில். வாடகைக்கு இருப்பவர்களைக் கேட்கச் சொன்னார்கள், அவர்களோ ஓனரைக் கேளுங்கள் என்றார்கள். இரண்டு வீடுகள் முடியாது என்றன. முதல் மாடியில் ஒருவர், "நான் இருபது வருஷமா படியிலதான் ஏறறேன் மேடம், லிஃப்ட்ல கால் வெச்சதே இல்ல" என்றார். உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். வேலைக்காரர்கள் நடுவில் நின்றுவிடக் கூடாது என்று என்னுடைய எஃப்டியில் இரண்டு லட்சத்தை உடைத்துக் கொடுத்தேன். திரும்பி வர பதினோரு மாதம் ஆனது. வட்டியே பதின்மூன்றாயிரம் போலப் போயிருக்கும். இதை என் வீட்டுக்காரரிடம் ரொம்ப நாள் சொல்லவில்லை. யாரும் இப்படிச் செய்யாதீர்கள். நாம் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்ததும் மற்றவர்களுக்கு அவசரம் போய்விடுகிறது.

லிஃப்ட் மறுபடி ஓடியது 2024 மே கடைசியில். ஐந்து மாதத்துக்கு மேல். நான்காவது மாடியில் 81 வயது மாமி ஒருவர். முழங்கால் தேய்மானம். மாதம் ஒருமுறை கண் டாக்டரிடம் போக வேண்டும். வாட்ச்மேனும் இஸ்திரிக்காரப் பையனும் நீல நிற பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்துக் கீழே தூக்கி வருவார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலியை இறக்கி வைத்து மூச்சு வாங்குவார்கள். மாமி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் என் வீட்டு வாசலில் அப்படி இறக்கி வைத்தபோது, "எப்போ டீச்சர் சரியாகும்?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வாரம்தான் பழைய தீர்மான நோட்டுகளைப் புரட்டினேன், இதற்கு முன் யாருமே இதை யோசிக்கவில்லையா என்று பழி போட ஒரு ஆளைத் தேடித்தான். 2014 ஜூன் மாதக் கூட்டம். அப்போதைய செயலாளர், லிஃப்டுக்கும் பெயின்டிங்குக்கும் என்று மாதம் 300 ரூபாய் கூடுதலாக வாங்கித் தனிக் கணக்கில் போடலாம் என்று சொல்லியிருக்கிறார். எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் என்று நான்கு பெயர். இரண்டாவது பெயர் என்னுடையது. நான் பேசியதையும் ஒரு வரியில் எழுதி வைத்திருந்தார்: கட்டடம் நல்ல நிலையில் உள்ளதால் இப்போது தேவையில்லை. கீழே என் கையெழுத்து. பென்சிலை எடுத்து ஓரத்தில் கணக்குப் போட்டேன். 300 பெருக்கல் 24, மாதம் 7,200. அந்த ஜூன் முடிந்து மிக்ஜாம் வரை 114 மாதம். 8,20,800 ரூபாய், வட்டி சேர்க்காமல். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கூட்டு வட்டி சொல்லிக் கொடுத்தவள் நான்.

பராமரிப்புக் கட்டணம் குறைவு என்று நாங்கள் பெருமைப்பட்டது உண்மையில் குறைவே இல்லை. தினமும் லிஃப்ட் தேய்கிறது, மொட்டை மாடியில் பதித்த தட்டோடு வெடிக்கிறது, குழாய் அரிக்கிறது. அந்தத் தேய்மானத்துக்கு யாரும் பில் அனுப்புவதில்லை, அவ்வளவுதான். நடுவில் வீட்டை விற்றுவிட்டுப் போனவர்கள் இருபது வருடம் லிஃப்டை ஓட்டித் தேய்த்ததற்கு எதுவும் கொடுக்காமல் போனார்கள். 2023 அக்டோபரில் கடன் வாங்கிக் குடிவந்த ஓர் இளம் தம்பதி, வந்த சில மாதத்தில் 45,000 கொடுத்தார்கள்.

ஜூலையில் ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டோம். 25,000 ரூபாய் கேட்டார். வெறுமனே பார்ப்பதற்கா என்று கமிட்டியிலேயே முணுமுணுப்பு. அவர் கையில் ஒரு சின்னச் சுத்தியல். தூண், பால்கனி, படிக்கட்டின் அடிப்பக்கம் என்று தட்டிக்கொண்டே போனார். டக் டக் என்று வந்த சத்தம் மூன்றாவது மாடி பால்கனி அடியில் மட்டும் தொம் தொம் என்றது. அங்கே பூச்சு கம்பியை விட்டு விலகிவிட்டது, உள்ளே துரு என்று சாக்பீஸால் வட்டம் போட்டார். எங்கள் காதுக்கே வித்தியாசம் தெரிந்தது. அதற்குப் பிறகு 25,000 பற்றி யாரும் பேசவில்லை. மொட்டை மாடித் தட்டோடுக்கு நான்கு வருடம், தண்ணீர்க் குழாய்களுக்கு ஐந்து, மின் வயரிங்குக்கு எட்டு, பெயின்ட் இரண்டு வருடத்தில் அடித்தால் நல்லது, நான்குக்கு மேல் போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

அதன் பிறகு வேண்டியது ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். ஒவ்வொன்றுக்கும் இன்றைய விலை, அதை மீதியுள்ள மாதங்களால் வகுத்து, 24ஆல் வகுத்தால் வீட்டுக்கு எவ்வளவு என்று வந்துவிடும். தட்டோடு 6,400 சதுர அடி, அடிக்கு 150 என்றால் 9.6 லட்சம், 48 மாதம், வீட்டுக்கு 833 ரூபாய். பெயின்ட் 7.5 லட்சம், நான்கு வருடம் தள்ளினால் 651. குழாய் 6 லட்சம், 417. வயரிங் 4 லட்சம், 174. அடுத்த லிஃப்ட் 16 லட்சம், 20 வருடம், 278. மொத்தம் 2,353. அதாவது நாங்கள் கட்டிக்கொண்டிருந்த மாதக் கட்டணத்தை விட அதிகம்! இதில் விலைவாசியைச் சேர்க்கவே இல்லை. வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் அந்த 16 லட்ச லிஃப்ட் இருபது வருடத்தில் 51 லட்சம். வட்டி கொஞ்சம் ஈடு கட்டும், முழுதாகக் கட்டாது. அதனால் தொகையை நிலையாக வைக்காமல் வருடாவருடம் உயர்த்துவது என்று முதல் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு வருடமும் கேட்டுச் சண்டை போட யாருக்கும் தெம்பு இருக்காது.

மும்பை செம்பூரில் இருக்கும் என் தங்கையிடம் புலம்பியபோது, "எங்க பில்லுல சிங்கிங் ஃபண்ட்னு தனியாவே வருமேக்கா" என்றாள். பாடுவதற்கா ஃபண்ட் என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். பெரிய வேலைகளுக்கென்று முன்கூட்டியே சேர்த்து வைக்கும் நிதிக்குத்தான் அந்தப் பெயர் (sinking fund). மகாராஷ்டிராவில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரி விதிகளிலேயே இது இருக்கிறது. நில மதிப்பைக் கழித்த கட்டுமானச் செலவில் வருடத்துக்குக் குறைந்தது 0.25 சதவீதம் சிங்கிங் ஃபண்டுக்கு, பழுதுபார்ப்பு நிதிக்குத் தனியாக 0.75 சதவீதம். எங்கள் கட்டடத்துக்கு இன்றைய கட்டுமான விலையை 5.28 கோடி என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டும் சேர்ந்து வீட்டுக்கு மாதம் 1,833 வந்தது. என் 2,353க்கு ரொம்பத் தூரம் இல்லை. அங்கே அதைப் பால் விலை மாதிரி கட்டிவிட்டுப் போகிறார்கள்.

எல்லா இடத்திலும் மனிதர்கள் ஒன்றுதான் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தில் சர்ஃப்சைட் என்ற இடத்தில் 2021 ஜூன் 24 அன்று 12 மாடிக் குடியிருப்பு ஒன்று நடு இரவில் இடிந்து 98 பேர் இறந்தார்கள். கட்டடம் இடிந்ததற்குப் பணம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தச் சங்கமும் பெரிய வேலைகளுக்கென்று போதிய நிதி சேர்த்து வைக்கவில்லை, வருடக்கணக்காகச் சண்டை போட்டு, கடைசியில் ஒன்றரைக் கோடி டாலருக்கு வீட்டுக்கு வீடு வசூல் என்று முடிவு செய்தது. அதைக் கட்டத் தொடங்க வேண்டிய தேதி ஜூலை 1. பால்கனி அடியில் அந்தத் தொம் தொம் சத்தத்தைக் கேட்ட அன்று இரவு நான் இதைப் படித்திருக்கக் கூடாது.

2024 ஆகஸ்ட் கூட்டத்துக்கு 19 பேர் வந்தார்கள். 2,353 என்ற எண்ணை நான் சொல்லவே இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். கணக்குத் தாளை எல்லோர் கையிலும் கொடுத்து, அவரவரே கூட்டிக்கொள்ளட்டும் என்று விட்டேன். 1,500 என்று முன்மொழிந்தேன். ஒன்றரை மணி நேரம் நடந்த சண்டை தொகையைப் பற்றிக்கூட இல்லை, எப்படிப் பிரிப்பது என்பதைப் பற்றி. 750 சதுர அடி வீடும் 1,150 சதுர அடி வீடும் ஒன்றாகக் கட்டுவதா? எனக்குச் சரி என்று படுவது: லிஃப்ட், மோட்டார் எல்லோருக்கும் சமம், தட்டோடு, பெயின்ட் சதுர அடிப்படி. ஆனால் அன்றைக்கு அதை எடுத்திருந்தால் கூட்டம் கலைந்திருக்கும். சமம் என்றே விட்டுவிட்டு, தொகையை 1,000 ஆகக் குறைத்து, வருடம் 10 சதவீத உயர்வோடு நிறைவேற்றினோம். பாதிக்கும் குறைவுதான். ஆனாலும் தொடங்கிவிட்டது.

தீர்மானத்தில் மூன்று வரி சேர்க்கச் சொன்னேன், நீங்களும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பணம் வீட்டோடு போகும், விற்கும்போது திருப்பித் தர மாட்டோம். இதிலிருந்து எடுக்கப் பொதுக்குழுவின் மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் வேண்டும். வாட்ச்மேன் சம்பளத்துக்கோ பொங்கல் விழாவுக்கோ தொடக் கூடாது. பணத்தைச் சங்கத்தின் பான் எண்ணில், இரண்டு வங்கிகளில் பிரித்துப் போட்டிருக்கிறோம். ஒரு வங்கியில் ஒரு பெயரில் ஐந்து லட்சம் வரைதான் வைப்புத்தொகைக் காப்பீடு. பான் கொடுக்காவிட்டால் வட்டியில் 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள். உறுப்பினர்களிடம் வாங்கும் பணத்துக்கு வருமான வரி வராது, நமக்கு நாமே போட்டுக்கொள்வது என்பதால். ஆனால் வங்கி தரும் வட்டிக்கு அந்த வாதம் செல்லாது என்று 2013இல் பெங்களூரு கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே ஒரு ஆடிட்டரை வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வீடு வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. பட்டா, வில்லங்கம், நிலத்தில் பிரிக்காத பங்கு எல்லாம் பார்க்கிறோம். லிஃப்டுக்கு வயது என்ன, தட்டோடு எந்த வருடம் போட்டது, சங்கத்தின் கையில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் இளம் தம்பதி கேட்டிருந்தால் விலையில் ஐம்பதாயிரம் குறைத்து வாங்கியிருக்கலாம்.

மறுத்த இரண்டு வீட்டில் ஒன்று, வீட்டை விற்க எங்களிடம் பாக்கியில்லாச் சான்று கேட்டு வந்தபோது கொடுத்துவிட்டது. முதல் மாடிக்காரர் இன்னும் தரவில்லை. புதிய நிதிக்கு மட்டும் மாதம் ஐந்தாம் தேதி தவறாமல் போடுகிறார், ஏன் என்று நான் கேட்கவில்லை. சென்ற வாரம் அவர் முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு லிஃப்ட் வாசலில் நின்றிருந்தார். நானும் ஏறினேன். "எத்தனையாவது மாடி சார்?" என்றேன். "ஒண்ணு" என்றார், எண்களைப் பார்த்துக்கொண்டே.